வெண்புள்ளியும் ரத்தப் பரிசோதனையும்: எதை எடுப்பது, எதை விடுவது, முடிவை எப்படிப் படிப்பது

தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளையைச் சுற்றியிருக்கிற நம் ஊர்களில் ஒரே நோய்க்கு இரண்டு மாநிலத்திலும் வைத்தியம் பார்ப்பது வழக்கம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இன்னொரு சீட்டு, நடுவில் யாரோ கைகாட்டிய வைத்தியர் ஒருவர். வெண்புள்ளி என்றால் இந்த அலைச்சல் இன்னும் கூடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்தப் பதற்றத்தில் இருக்கிறவர்கள் கையில் நீளமான பரிசோதனைப் பட்டியல் ஒன்று வந்து சேர்கிறது: எம்.டி.ஏ., எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், ஐ.எல்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா, ஹோமோசிஸ்டீன் (ரத்தத்திலிருக்கும் ஒரு அமினோ அமிலம்), ஹெச்.எஸ். சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) ரத்தம் எடுத்து, பிரித்து, முடிவு கொடுக்கிற வேலையில் இருக்கிறவன் நான். "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு லேபில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நோய் எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர்களுக்குப் பெரிதும் உதவியவை. உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவெடுக்க அவை உதவுவதில்லை. கையிலிருக்கிற பணம் முதலில் போகவேண்டிய இடம் வேறு.

முதலில், இது வெண்புள்ளிதானா?

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளி இல்லை. தேமல் என்றால் லேசாகச் செதில் உதிரும், சுரண்டினால் தெரியும். பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான திட்டு பெரும்பாலும் தானாகவே போய்விடும். திட்டு இருக்கும் இடத்தில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வெண்புள்ளியில் தோல் பால் மாதிரி சுத்த வெள்ளையாக இருக்கும், செதில் இருக்காது, உணர்ச்சி அப்படியே இருக்கும். தொற்றாது. உலக மக்களில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இது இருக்கிறது.

நம் பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில ரசாயனங்கள் பட்டாலே நிறமிச் செல்கள் செத்துப்போகும். 1939 வாக்கில் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன. காரணம் அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் சேர்த்திருந்த மோனோபென்சில் ஈதர் என்ற பொருள். இந்த வகை வெளுப்பு பொருள் பட்ட இடத்தில்தான் தொடங்கும். பாதத்தில் ரப்பர் செருப்பு வாரின் வடிவத்திலேயே இரண்டு வெள்ளைக் கோடு, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் வட்டமாக ஒரு புள்ளி, தலைமுடிக்குச் சாயம் பூசுகிறவருக்கு நெற்றியும் தலைமுடியும் சேரும் ஓரத்தில் ஒரு பட்டை. அப்படி இருந்தால் முதல் வைத்தியம் அந்தப் பொருளை நிறுத்துவது. செருப்பைத் தோல் செருப்பாக மாற்றுங்கள், பொட்டுக்குக் குங்குமம் வையுங்கள். அப்புறம்தான் மற்றது.

உறுதிசெய்ய ரத்தம் தேவையே இல்லை. தோல் மருத்துவர் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டுவார். வெண்புள்ளி நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத திட்டுகளும் அதில் தெரிந்துவிடும். போகிற அன்று களிம்பு, பவுடர் எதுவும் போடாமல் போங்கள், சில களிம்புகள் அந்த ஒளியில் தாங்களே மின்னும். கேரளத்துப் பக்கம் போனால் 'வெள்ளப்பாண்டு' என்று கேட்பார்கள், அதே நோய்தான்.

பரவுகிறதா, நின்றிருக்கிறதா?

எந்த லேப் முடிவும் சொல்லாத, ஆனால் மருத்துவருக்கு மிகவும் வேண்டிய தகவல் இது. இதைச் சேகரிக்க உங்களால் முடியும்.

போனை எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு திட்டையும் படம் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு புரியும். மாதம் ஒருமுறை அதே இடம், அதே தூரம். மொத்தப் பரப்பைக் கணக்குப்போட உங்கள் கையே போதும்: விரல்களோடு சேர்த்து உள்ளங்கை அளவு உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

பரவிக்கொண்டிருக்கும் நோய்க்குச் சில அடையாளங்கள் உண்டு. பொரி சிதறினது போலப் பொடிப் பொடியாகப் புதுப் புள்ளிகள். வெள்ளைக்கும் சொந்த நிறத்துக்கும் நடுவில் மங்கலான மூன்றாவது நிறம். ஓரம் சிவந்து அரிப்பது. காயம் பட்ட, உராய்ந்த இடத்தில் புதிதாக வெளுப்பது. கடைசியாகச் சொன்னது நம் ஊர் வேலைகளில் அடிக்கடி நடக்கிறது. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் தெறித்த கை, முந்திரி ஆலையில் தோட்டு எண்ணெய் பட்டுப் பொள்ளிய விரல், இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா. இந்த இடங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். திட்டு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் இருந்தால் அது வேறு வகை. கொஞ்ச காலம் வேகமாகப் பரவி, பெரும்பாலும் தானாக நின்றுவிடும். திட்டுக்குள் இருக்கும் முடி வெளுத்துவிட்டதா என்பதும் முக்கியம். புது நிறம் திரும்பி வருவது பெரும்பாலும் மயிர்க்கால்களில் ஒதுங்கியிருக்கும் நிறமிச் செல்களிலிருந்துதான். முடி கறுப்பாக இருந்தால் நம்பிக்கை அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது

பட்டியலில் இருக்கிற பெயர்கள் புரிய இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நிறமியைச் செய்யும் வேலையே நிறமிச் செல்லுக்குள் ஆபத்தான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். சாதாரணமாக அவற்றை அடக்க நொதிகள் இருக்கின்றன. எஸ்.ஓ.டி. என்ற நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். முதல் வேலை நடந்து, இரண்டாவது வேலை தடைப்பட்டால் என்ன ஆகும்? மேல்மடை திறந்து கீழ்மடை அடைத்த வயல் மாதிரி பெராக்சைடு தேங்கும். வெண்புள்ளி உள்ளவர்களின் மேல்தோலில் கேட்டலேஸ் குறைந்திருப்பதை 1991இல் காரின் ஷால்ராய்ட்டரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் ஆராய்ச்சி சூடுபிடித்தது.

தேங்கிய பெராக்சைடு செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கும்போது மிஞ்சுகிற பொருள்தான் எம்.டி.ஏ., அதாவது மலோன்டைஆல்டிஹைடு. இந்த அரிப்பில் தவிக்கும் நிறமிச் செல் ஆபத்து சமிக்ஞைகளை வெளியே விடுகிறது. அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சி.டி.8 என்ற வகை அணுக்கள் வந்து நிறமிச் செல்லைக் கொல்லும். கொல்லும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளை வெளியிடும். அதைக் கேட்டுச் சுற்றியுள்ள தோல் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற அழைப்புப் பொருள்களைச் சுரக்கும். அவை இன்னும் அதிக அணுக்களைக் கூப்பிடும். இப்படித்தான் திட்டு பெரிதாகிறது. ஐ.எல்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா எல்லாம் இதே அழற்சிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இந்த அறிவு வீண்போகவில்லை. இன்டர்ஃபெரான் காமாவின் சொல் செல்லுக்குள் போகும் பாதை ஜாக் என்ற நொதிகள் வழியாகப் போகிறது. அந்தப் பாதையை மறிக்கும் ருக்ஸோலிடினிப் களிம்புக்கு 2022 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் வெண்புள்ளிக்காக அனுமதி கொடுத்தது. இந்த மாதிரிக் குறியீடுகளை, அதாவது நோயைக் காட்டும் பொருள்களை, தேடிய ஆராய்ச்சி மருந்தாக வந்து சேர்ந்தது இப்படித்தான். ஆனால் அது பல பேருடைய மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த அறிவு. உங்கள் ஒருவர் சீட்டில் வரும் ஒரு எண்ணுக்கு அந்த வலு கிடையாது.

எந்தப் பரிசோதனை எடுக்கலாம்

வெண்புள்ளி இருப்பவர்களுக்குத் தைராய்டு கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் தைராய்டைச் சோதிக்கும் டி.எஸ்.ஹெச். எடுப்பது நியாயம். தைராய்டு எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்க மருத்துவர் சொன்னால் எடுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவையும் பொருத்தமானவை, ஏனென்றால் குறை தெரிந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு பரிசோதனையை எடுக்கும் முன் மருத்துவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இது கூடினாலோ குறைஞ்சாலோ மருந்து மாறுமா டாக்டர்?" மாறும் என்றால் எடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ ஜாக் பாதையை மறிக்கும் டோஃபாசிட்டினிப் மாதிரி மருந்தோ தொடங்கும் முன் கேட்கிற பரிசோதனைகள் இந்தக் கணக்கில் வராது. அவை உங்கள் பாதுகாப்புக்கு, கட்டாயம் எடுக்க வேண்டும்.

எம்.டி.ஏ., எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், ஐ.எல்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகிய ஐந்தையும் ஆராய்ச்சியில் சேர்கிறவர்கள் தவிர மற்றவர்கள் சொந்தக் காசில் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

ரத்தம் கொடுக்கும்போது

எடுத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டால் சரியாக எடுப்போம். இந்தக் குறியீடுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஊசி குத்தும் இடத்துக்கும் மெஷினுக்கும் நடுவில்தான்.

சிவப்பணுவுக்குள் எஸ்.ஓ.டி.யும் கேட்டலேஸும் நிறைய இருக்கின்றன. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அவை வெளியே கசிந்து முடிவைப் பொய்யாக்கும். சுழற்றிய குழாயில் மேலே நிற்கும் தெளிவு வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஜா நிறம் தட்டினால் அது உடைந்த மாதிரி. நல்ல லேப் உங்களை மறுபடி கூப்பிடும். கோபப்படாதீர்கள், அவர்கள் நேர்மையாக வேலை செய்கிறார்கள்.

ஹோமோசிஸ்டீன் இன்னும் பிடிவாதமானது. பிரிக்காமல் வெறுமனே வைத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதைத் தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், மணிக்கு மணி எண் ஏறும். எடுத்ததும் ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். சின்ன கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்து, சாயங்காலம் பையன் பைக்கில் வந்து வாங்கிப்போகிற இடமா என்று பாருங்கள். "எடுத்த ரத்தத்த எப்போ சுத்துவீங்க?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெறும் வயிற்றில் போவது நல்லது.

சளி, காய்ச்சல், பல்வலி, சீழ்க் காயம் எது இருந்தாலும் சி.ஆர்.பி.யும் ஐ.எல்-6ம் கூடும். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். முந்தின நாள் கடும் உடலுழைப்பு இருந்தாலும் ஐ.எல்-6 ஏறும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இரண்டுமே சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கும்.

முடிக்கும் தோலுக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். பல லேப்களில் டி.எஸ்.ஹெச். பார்க்கும் முறையில் பயோட்டினும் ஒரு அங்கம். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்து காட்டும், இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து ஆரம்பிக்கிற அளவுக்கு. இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் சொல்லுங்கள்.

முடிவைப் படிப்பது

ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளைக்கு எஸ்.ஓ.டி. கூடியிருக்கு அண்ணா, அது நல்லதுதானே?" கேள்வியில் நியாயம் இருக்கிறது, நஞ்சை அடக்கும் நொதி கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பெராக்சைடை உண்டாக்குவதும் அதுதான். ஆராய்ச்சிகளிலேயே சிலர் கூடியிருக்கிறது என்கிறார்கள், சிலர் குறைந்திருக்கிறது என்கிறார்கள். எம்.டி.ஏ. மட்டும் நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதிலும் ஒரு சிக்கல்: பழைய முறையில் ஒரு அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பு நிறத்தை அளப்பார்கள். வேறு பொருள்களும் அதே நிறத்தைக் கொடுக்கும். லேபுக்கு லேப் இயல்பு அளவு வேறு. நோயாளியின் எண்ணும் நோயில்லாதவரின் எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று விழும். புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் இதே குறியீடு கூடுகிறது.

ஹெச்.எஸ். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் உடம்பில் எங்கோ கிருமித் தொற்றோ காயமோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது ஆறியபின் மறுபடி பாருங்கள். வெண்புள்ளியைக் கொண்டுபோய் அதில் முடிச்சுப்போட வேண்டாம். ஹோமோசிஸ்டீன் 15 மைக்ரோமோலுக்கு மேல் என்றால் பி12, ஃபோலிக் அமிலக் குறையைத் தேடுங்கள். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகை வெள்ளணுக்களின் விகிதத்தைப் பார்த்துப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலே அந்த விகிதம் ஏறும்.

நாகர்கோவிலில் ஒருமுறை, திருவனந்தபுரத்தில் ஒருமுறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஏறியிருக்கு, இறங்கியிருக்கு' என்று பார்க்காதீர்கள். மெஷின் வேறு, முறை வேறு. ஒப்பிட வேண்டுமென்றால் அதே லேபில் எடுங்கள்.

மாத்திரை, மீன், மூலிகை

ஆக்சிஜன் பாதிப்புதான் காரணம் என்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் தீருமே என்று தோன்றும். அவ்வளவு நேராக இல்லை. ஜிங்கோ இலைச் சாறு நாளைக்கு மூன்று வேளை 40 மி.கி. கொடுத்து நம் நாட்டில் செய்து 2003இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மெதுவாகப் பரவும் நோய் பலருக்கு நின்றது. சிறு ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் ஜிங்கோவைத் தொட வேண்டாம், ரத்தக் கசிவு வரலாம். கேட்டலேஸுக்குப் பதிலாகச் செய்த களிம்புக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பின்னால் மருந்தில்லாத களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை. மாத்திரை துணைக்கு மட்டும், மருந்தின் இடத்துக்கு வராது.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் வந்தது என்று சொல்லி, மீனை முழுதாக நிறுத்திவிடுகிற வீடுகள் நம் பக்கம் ஏராளம். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கடலோர மாவட்டத்தில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவரிடமிருந்து மீனையும் முட்டையையும் பறித்தால் நடப்பது என்ன? பி12 குறையும். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். பிறகு அந்த எண்ணைக் காட்டி நோய் முற்றிவிட்டது என்பார்கள். தயவுசெய்து மீனை நிறுத்தாதீர்கள். புளிப்பும் எலுமிச்சையும் அப்படித்தான், சாப்பிடலாம்.

கார்போக அரிசியை மட்டும் எச்சரிக்கையோடு பேச வேண்டும். நம் வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கிற விதை அது. அதிலிருக்கும் சோரலென் நிஜமாகவே வேலை செய்கிற பொருள், நவீன வைத்தியமும் பயன்படுத்தியது. ஆனால் அரைத்துப் பூசிக்கொண்டு மதிய வெயிலில் நின்றால் தோல் பொத்துக் கொப்புளமாகும். கொப்புளமே புதுக் காயம், அந்தக் காயத்தின்மேல் நோய் பரவும். அளவு தெரிந்த மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வேண்டாம்.

வைத்தியம் தொடங்கும்போது

பரவுகிற நோயை முதலில் நிறுத்த வேண்டும். வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் முறை நம் நாட்டிலேயே உருவானது. பரவலை நிறுத்தத் தோல் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி நீங்களே நீட்டிக்கக் கூடாது. முகத்துக்கு நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு. நின்று ஒரு வருஷமாவது ஆன பிறகுதான் தோல் ஒட்டும் அறுவையைப் பற்றிப் பேச்சு.

நிறம் திரும்பிய பிறகும் அந்த இடத்துத் தோலில் பழைய நினைவோடு சில எதிர்ப்பு அணுக்கள் தங்கியிருக்கும். அதனால்தான் மருந்தை நிறுத்தியதும் ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய நூற்றில் நாற்பது பேருக்கு அதே இடத்தில் வெளுப்பு திரும்புகிறது. வாரம் இரண்டு நாள் டாக்ரோலிமஸ் களிம்பைத் தொடர்ந்தால் இது நன்றாகக் குறைகிறது. எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பரவலான திட்டுகளுக்கு முக்கியமான வைத்தியம் 311 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளி. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. மூன்று மாதமாவது போகாமல் மாற்றம் சரியாகத் தெரியாது, ஆறு மாதம் பார்க்காமல் பலனில்லை என்று விடக் கூடாது. முகமும் கழுத்தும் சீக்கிரம் திரும்பும். விரல் நுனி, உதடு, கால் பாதம் அடம்பிடிக்கும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் நம் எல்லைப்புறத்துக்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். பெரிய ஊர், பெரிய டாக்டர் என்று திருவனந்தபுரத்தில் ஒளி வைத்தியம் தொடங்குவார்கள். குழித்துறையில் ரயில் பிடித்து, மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் உள்ளூர் என்கிற இடம் வரை பஸ் மாறி, வாரம் மூன்று நாள் வேலையும் போய், இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுவார்கள். ஒளி வைத்தியத்தில் பெயர்பெற்ற இடத்தைவிட விடாமல் போகக்கூடிய இடம்தான் உதவும். ஆலோசனைக்கு மூன்று மாதம் ஒருமுறை தூரத்து டாக்டரிடம் போங்கள். ஒளிக்கு வீட்டுக்குப் பக்கத்தில், ஒளிப்பெட்டி உள்ள மருத்துவமனையைத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்த அளவை அங்கே ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லி, அதையும் போனில் இருக்கும் படங்களையும் தூரத்து டாக்டரிடம் காட்டுங்கள்.